குடும்ப அட்டைக்கு வெளியே நிற்கும் நோயாளி

நோயுற்ற ஒருவரை அரசு எந்த அடையாளத்தின் வழியாக அறிகிறது என்ற கேள்விக்கு இந்திய அரசமைப்புச் சட்டம் தரும் விடை ஒன்று. நலத்திட்டங்களின் நடைமுறை தரும் விடை வேறு. சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் என்று குறுக்காமல் எந்த நபருக்கும் உரியதாக்குகிறது. 19ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் சென்று தங்கித் தொழில் செய்யும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. நடைமுறையிலோ, ரேஷன் அரிசி முதல் மருத்துவக் காப்பீடு வரை பெரும்பாலான நலன்கள் ஒரு முகவரியில் நிலைகொண்ட குடும்பத்தின் பெயரால், அக்குடும்பத்தின் அட்டையைக் காட்டியே பெறப்படுகின்றன. தனியாளாக, முகவரி இல்லாமல், வேலையைத் தேடி வந்து சேர்ந்த குடிமகன் இந்த ஏற்பாட்டின் கண்ணில் படுவதில்லை. அவர் நோயுறும்போது என்ன நேர்கிறது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

1997 ஜனவரியில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் வட கோடியில், கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்திருக்கிறது. இரும்புக் கழிவை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டுமானக் கம்பியாக இழுக்கும் ஆலைகள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் தொழிற்சாலைகள் ஆகியவை அங்கே உள்ளன; அண்மைக் காலத்தில் தேர்வாய்க் கண்டிகையிலும் ஒரு வளாகம் எழுந்துள்ளது. ஆலைகளின் கடும் வேலையைப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களே பெரிதும் செய்கின்றனர். மாவட்டத்தின் தென்மேற்கிலும் செங்குன்றத்தைச் சுற்றிலும் உள்ள செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்ற குடும்பங்கள் ஆண்டின் முற்பாதிக்கு மட்டும் வந்து திரும்புகின்றன. காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பகுதிகளில் துறைமுக வேலையும் மின்நிலையக் கட்டுமானமும் இன்னொரு கூட்டத்தை ஈர்க்கின்றன.

தமிழகத்தின் அரசு மருத்துவமனை இவர்களில் எவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புறநோயாளிச் சீட்டுக்குப் பெயரும் வயதும் ஊரும் போதும், மருந்து இலவசம், 108 ஆம்புலன்ஸ் அட்டை கேட்பதில்லை. இந்தப் பெருமை மாநிலத்துக்கு உண்மையிலேயே உரியது. உச்ச நீதிமன்றமும் இதே திசையில் சென்றிருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லையென்று அனுப்பிவிட்ட வழக்கில், உடனடிச் சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறும் செயல் என 1996இல் தீர்ப்பளிக்கப்பட்டது. வாசல் திறந்திருக்கிறது. வாசலைத் தாண்டிய பிறகே குடும்பத்தைச் சார்ந்த ஏற்பாடு தன் முகத்தைக் காட்டத் தொடங்குகிறது.

கம்பி ஆலையில் நேரும் விபத்து ஒன்றின் இயல்பான போக்கை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 1,200 டிகிரிக்குச் சூடேற்றப்பட்ட இரும்புப் பாளம், உருளைகளுக்கிடையே நுழைந்து நுழைந்து மெலிந்து கம்பியாகும் வேளையில், தன் தடத்தை விட்டு விலகிச் சவுக்கைப் போலச் சுழன்று வெளியே பாய்வதுண்டு. கையிலே இடுக்கியோடு நிற்பவரின் தொடையையோ தோளையோ அது ஒரு நொடியில் வெட்டிச் சுட்டுவிடும். உருக்கு உலையில் இடப்படும் கழிவிரும்பில் ஈரமோ மூடிய உருளையோ கலந்திருந்தால் உருகிய உலோகமே வெடித்துத் தெறிக்கும். உள்ளூர் மருத்துவமனையில் முதலுதவி பெற்றவர், தீக்காயமாயின் சென்னையின் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும், கை நசுங்கியதாயின் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கொண்டு செல்லப்படுகிறார். மருத்துவர் வெங்கடசாமி உருவாக்கிய ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. வடசென்னையின் இயந்திரங்கள் சிதைத்த விரல்களே அதன் திறமையை வளர்த்தன என்று சொன்னால் மிகையாகாது.

அறுவைச் சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. ஆனால் இந்திய அரசு மருத்துவமனை, நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கும் என்று கருதிக்கொண்டே இயங்குகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துச் செல்வது, முடிவை வாங்கி வருவது, இரத்தம் தர ஆள் திரட்டுவது, கழிப்பறைக்குத் தாங்கிச் செல்வது, இரவில் விழித்திருப்பது, மருத்துவர் சொன்னதைக் கேட்டு நினைவில் வைப்பது என்று செவிலியர் பற்றாக்குறையைச் சமன் செய்யும் வேலை முழுவதும் துணைக்கு இருப்பவரின் தலையில் விழுகிறது. ‘கூட யார் வந்திருக்கீங்க?’ என்ற கேள்விக்கு விடையாக நிற்பவர், பெரும்பாலும் அதே அறையில் தங்கியிருக்கும் சக தொழிலாளி. அவர் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவரும் வேலைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. தையல் பிரிக்கும் முன்பே, தோல் ஒட்டுச் சிகிச்சையின் அடுத்த கட்டத்துக்கு முன்பே, முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி ஊருக்குப் போய்விடுவது அந்நிலையில் அறியாமையால் எடுக்கும் முடிவன்று. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஒரே இடத்துக்கு அவர் போகிறார். மொழி இதனை இன்னும் கடினமாக்குகிறது: மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்பதைக்கூடச் சைகையால் விளக்கும் நிலையில், தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள மருத்துவமனைகளில் இந்தி, ஒடியா, வங்காளம் அறிந்த மொழித் துணைவர்களுக்கான நிரந்தரப் பணியிடங்களே இல்லாதிருப்பது எளிதில் நீக்கக்கூடிய குறை.

ஸ்டான்லியின் சொந்த வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1782இல் பஞ்சத்துக்கு இரையாகிச் சென்னை நோக்கித் திரண்டு வந்த கிராமத்து மக்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரமும், அதனோடு 1799இல் சேர்ந்த சிறு மருத்துவமனையுமே ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் வழங்கிய அந்த நிறுவனத்தின் வேர். ஊரை விட்டு வந்தவர்களுக்காகவே பிறந்த மருத்துவமனை அது. அங்கு நோயாளியாவதற்கான தகுதி பசித்து வந்து சேர்ந்திருப்பது மட்டுமே.

காப்பீட்டின் கதை வேறு. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் ஏற்பாடு, அரசு மருத்துவமனைகளிலும் பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான உயர் சிகிச்சையை அளிக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதும் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதும் அடிப்படைத் தகுதிகள். வேற்று மாநிலத்தவரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தமிழகத்தில் வசித்ததற்கு உரிய அலுவலரின் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரர் எடுத்த அறையில் எட்டுப் பேரோடு தங்கி, வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ தன் பெயரில் இல்லாத ஒருவர் அச்சான்றை எங்கிருந்து பெறுவார் என்பதற்கு விதியில் விடை இல்லை.

இதற்கு மாற்றாக ஒன்றிய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், சொந்த மாநிலத்தில் பெற்ற அட்டையை நாட்டின் எந்த மூலையிலும் பயன்படுத்தலாம் என்று உறுதியளித்தது. ஆயினும் மேற்கு வங்கம் 2019 தொடக்கத்தில் அத்திட்டத்திலிருந்து விலகியது; ஒடிசா 2025இல்தான் அதில் சேர்ந்தது. ஆக, கும்மிடிப்பூண்டியிலும் சூளைகளிலும் உழைக்கும் கூட்டத்தில் பெரும் பகுதியினரை அனுப்பும் இரு மாநிலங்களின் தொழிலாளர்களுக்கு, அந்த உறுதிமொழி பல ஆண்டுகள் வெறும் தாளாகவே இருந்தது. தலைநகரங்களின் அரசியல் பிணக்கு ஒருவரின் சிறுநீரகச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலையைக் கூட்டாட்சியின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ள முடியாது. மேலும், அட்டை செல்லுபடியாகும் இடத்திலும் அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் நோய்க்கே உதவும்; மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டிய இரத்த அழுத்தத்துக்கோ, உலைப் புகையால் வந்த இருமலுக்கோ உதவாது.

கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. 1990இல் போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களும் மலையகத் தமிழர்களும் தங்கவைக்கப்பட்ட முகாம், மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்றாக இங்கே நிலைத்துவிட்டது. 2021 முதல் இத்தகைய முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் பெற்றுள்ளன. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பெற்றோரான தலைமுறைக்கும் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஆனால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகள் வருமான வரம்பே இல்லாமல் சேர்க்கப்பட்டுள்ளனர். ஒரே ஊரில், குடியுரிமை இல்லாத குடும்பத்துக்குக் காப்பீடு எளிதாகவும், குடியுரிமை உள்ள தனியாளுக்கு அது அரிதாகவும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், நலத்துறை உண்மையில் எதை அளக்கிறது என்பது விளங்கும். முகாமில் குடும்பம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது. தொழிலாளர் அறையில் இவை எவையும் இல்லை. முகாம் மக்களுக்குக் கிடைத்தது எவ்வகையிலும் மிகையன்று. அது எல்லார்க்கும் உரியது என்பதே இவ்வொப்பீட்டின் பொருள்.

குடியுரிமைக்கு அப்படியானால் மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். ஆங்கிலச் சமூகவியலாளர் டி. எச். மார்ஷல் 1949இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில், குடியுரிமையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: பேச்சு, சொத்து, நீதி ஆகியவற்றைக் காக்கும் சிவில் உரிமை, வாக்களிக்கும் அரசியல் உரிமை, கல்வியும் மருத்துவமும் உள்ளிட்ட சமூக உரிமை. ஒன்றன் மேல் ஒன்றாக இவை எழுந்தன என்பது அவர் கண்ட இங்கிலாந்தின் வரலாறு. கும்மிடிப்பூண்டியில் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கிடக்கின்றன. முகாம்வாசிக்குச் சமூக உரிமையின் ஒரு பகுதி அரசாணையின் பெயரால் வந்திருக்கிறது. வாக்குரிமை இல்லாததால், அந்த ஆணை நாளை மாறினால் கேட்கும் வலிமை அவரிடம் இல்லை. புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு வாக்கு இருக்கிறது. அது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், அவர் நோயுறாத தொகுதியில் இருக்கிறது. இவ்வூரின் மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்பதைப் பேசும் சட்டமன்ற உறுப்பினர் இவ்விரு கூட்டத்தாரிடமும் வாக்குக் கேட்டு நிற்பதில்லை. 2025இல் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை ஒட்டி, வடமாநிலத்தவர் பெயரை இங்கே சேர்க்கலாமா என்று கட்சிகள் உரத்து விவாதித்தன; அவர்களுடைய மருத்துவம் அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

குடியுரிமை பறிபோனால் மருத்துவம் என்னவாகும் என்பதைத் தமிழர்கள் நேரில் அறிந்தவர்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். இலவசப் பொது மருத்துவத்துக்காக உலகம் பாராட்டிய அதே நாட்டில், தேயிலைத் தோட்ட மக்களின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. தோட்டங்களின் குழந்தை இறப்பு நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் மிகுந்திருந்தது. வேலை கொடுப்பவரே மருத்துவமும் கொடுப்பார் என்று அரசு ஒதுங்கிக்கொண்டால் நேர்வது அது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் சிலர் இன்று கும்மிடிப்பூண்டி முகாமிலும் இருக்கின்றனர்.

இந்தியாவில் வேலையோடு இணைந்த மருத்துவ உரிமையின் பெயர் ஈ.எஸ்.ஐ. 1948ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் எவரும் இதில் அடங்குவர். ஒப்பந்தக்காரர் வழி வந்தவருக்கும் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு. ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும் நிர்வாகம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. முகவரியையோ பிறந்த மாநிலத்தையோ கேட்காத இந்த ஏற்பாடு புலம்பெயர்ந்தவருக்கே பொருத்தமானது போலத் தோன்றுகிறது. மருத்துவச் சிகிச்சையும் விபத்துக்கான ஊன நிவாரணமும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

ஆனால் நோய்க்கால உதவித்தொகையின் உள்ளமைப்பைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நோயால் வேலைக்கு வர இயலாத நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காட்டை, ஆண்டுக்கு 91 நாள் வரை, இவ்வேற்பாடு தருகிறது. அதற்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலமொன்றில் 78 நாள்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். அவ்வாறு ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும் காலத்துக்கான பயன், அடுத்த ஜனவரியில்தான் பிறக்கும். அதாவது, புதிதாக வேலைக்கு வந்தவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அறுவடைக்கும் சத் பூசைக்கும் ஊருக்குச் சென்று, திரும்பும்போது வேறு ஒப்பந்தக்காரரிடம், சில வேளை வேறு எண்ணில் பதிவாகும் ஒருவருக்கு அந்த ஒன்பது மாதம் நிறைவதே இல்லை. அவருடைய கூலியிலிருந்து பணம் பிடிக்கப்பட்டிருக்கும். காய்ச்சலில் படுத்த வாரத்துக்கு எதுவும் வராது. ஒரே ஆலையில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் தொழிலாளியை மனத்தில் கொண்டு எழுந்த சட்டம், இடம் மாறும் தொழிலாளியிடம் வாங்கி நிலைத்தவருக்குக் கொடுக்கிறது. இவற்றுக்கு மேலாக, விபத்து நடந்த பிறகே பெயரைப் பதிவு செய்யும் வழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் நெடுநாளாகச் சுட்டிவருகின்றன. பதிவு செய்யாதது நிர்வாகத்தின் குற்றமேயன்றித் தொழிலாளியின் உரிமையிழப்பாகாது என்பதும், உதவியை வழங்கிவிட்டு அத்தொகையை நிர்வாகத்திடம் வசூலிக்க ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் சட்டத்திலேயே இருக்கின்றன. தொழிலாளிக்கு அதைச் சொல்ல அவர் மொழியில் ஒரு அறிவிப்புப் பலகையேனும் ஆலை வாசலில் இருக்க வேண்டும்.

காசநோயில் இதே சிக்கல் வேறு உருவெடுக்கிறது. 1968இல் தொடங்கிய புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1999இல் தொடங்கிய மாதிரிச் சிகிச்சைத் திட்டமும் இத்திருவள்ளூர்ப் பகுதியிலேயே நடந்தன. காசநோயைப் பற்றி உலகம் கற்ற பாடங்களில் சில இம்மண்ணின் மக்கள் உடலிலிருந்து கிடைத்தவை. வீடு வீடாகக் கணக்கெடுத்து, வீட்டில் இருப்பவரைத் தொடர்ந்து பார்ப்பது அவற்றின் வழிமுறை. ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டிய நோயில், இரண்டாம் மாதம் சூளை மூடியதும் மேற்கு ஒடிசாவின் பலாங்கீருக்குப் புறப்படுபவரை அவ்வழிமுறையால் பின்தொடர முடிவதில்லை. நோயாளியின் பதிவை மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றும் நிக்ஷய் இணையதளம் இப்போது உண்டு. மாற்றப்பட்ட பதிவுக்கு மறுமுனையில் ஒரு சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால்தான் அது சிகிச்சையாகும்.

அட்டையைக் கேளாமல் மருத்துவம் செய்ய அரசால் முடியாது என்ற வாதம் தமிழகத்தில் எடுபடாது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநிலத்தின் எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் காப்பீட்டு அட்டை உள்ளவரா, தமிழகத்தவரா, வெளிநாட்டவரா என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் அரசின் செலவில் அளிக்கிறது. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் லாரி மோதிய பீகார்த் தொழிலாளிக்கு இருக்கும் இந்த உரிமை, அதே சாலையிலிருந்து சிறிது தொலைவில் ஆலைக்குள் உலோகம் தெறித்தவருக்கு இல்லை. சாலைக்குப் பொருந்தும் நியாயம் ஆலைக்குப் பொருந்தாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. இதற்கு நேர் எதிரான பாதையை 2018இல் தில்லி அரசு முயன்றது: குரு தேக் பகதூர் மருத்துவமனையின் படுக்கைகளில் 80 விழுக்காட்டைத் தில்லி வாக்காளர்களுக்கு ஒதுக்கிய அந்த ஆணையைத் தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் ரத்து செய்தது. வாக்காளர் அட்டை மருத்துவமனையின் நுழைவுச் சீட்டாக முடியாது என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

இம்மாவட்டத்தின் அண்மைய நிகழ்வுகள் பொறுமைக்கு இடம் தருவனவாக இல்லை. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில், தங்குமிடப் படியிலிருந்து விழுந்து உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் இறந்தார். இழப்பீடு கோரித் திரண்ட சக தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டு, கண்ணீர்ப் புகைக் குண்டுகள் வீசப்பட்டன, பலர் கைதாயினர். அம்மாதம் 30ஆம் நாள், எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். இழப்பீடு அறிவிக்கப்பட்டது, உடல்கள் அனுப்பப்பட்டன. இறந்த பிறகு பெயரும் ஊரும் தந்தையின் பெயரும் ஒரே நாளில் திரட்டப்பட்டுவிடுகின்றன என்பது, உயிரோடு இருக்கும்போது அவற்றைத் திரட்டுவது கடினம் என்ற அலுவலக விளக்கத்தை நம்ப முடியாததாக்குகிறது.

மாநிலம் கடந்த தொழிலாளர்களுக்கென 1979இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்றும், தொழிலாளியின் படம் ஒட்டிய கையேடு வழங்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஒப்பந்தக்காரர் இன்றித் தானாக வந்தவரையும் புலம்பெயர்ந்த தொழிலாளியாக ஏற்றது அதன் நல்ல பகுதி. ஐந்து பேர் என்றிருந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியதும், இடம்பெயர்வுப் படியைக் கைவிட்டதும் பின்னடைவு. ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு என்கிறது புதிய ஏற்பாடு. அது 40 வயதைக் கடந்தவர்களுக்கு என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. உலைக்கு முன் நிற்பவர்களோ பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். ஆகவே வயது வரம்பின்றி உலை, வார்ப்பு, சூளை வேலைகளில் இருக்கும் அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனையை மாநில விதிகள் கட்டாயமாக்க வேண்டும். வேலையை விட்டு ஊர் திரும்பும் நாளிலும் அதை மீண்டும் செய்து, முடிவின் படியைத் தொழிலாளியின் கையிலேயே, அவர் படிக்கத் தெரிந்த எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்தாண்டு கழித்துச் பீகாரின் சசாராமிலோ ஒடிசாவின் நுவாபடாவிலோ மூச்சுத் திணறி ஒரு மருத்துவர் முன் உட்காரும்போது, அந்த நோய் எந்த ஊர் வேலையில் வந்தது என்று நிறுவ அவரிடம் வேறு சான்று இருக்காது.